வானத்தில் ஒரு கிரவுண்டு 'டவர்'... காசிமேடு கடலில் உங்க போனுக்கு சிக்னல் வருமா?

உங்க போனை எடுத்து மேல் ஓரத்தில் இருக்கும் சிக்னல் கோடுகளைப் பாருங்க. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இருந்தால் பெரும்பாலும் எல்லா கோடும் நிறைந்திருக்கும். அதே போனை எடுத்துக்கொண்டு காசிமேட்டில் விசைப்படகு ஏறி கிழக்கே போங்க. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் 'நோ சர்வீஸ்' என்று வந்து நிற்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த போனாக இருந்தாலும் அது வெறும் கேமராவும் டார்ச் லைட்டும்தான்.

சென்னையில் இருந்து தங்குகடலுக்குப் போகும் படகுகள் பல நாள்கள் இந்த 'நோ சர்வீஸ்' பகுதிக்குள்தான் இருக்கின்றன. அங்கே ரீல்ஸ் பார்க்க முடியாதது பெரிய பிரச்னை இல்லை. புயல் திரும்பிவிட்டது என்று சொல்ல ஆள் இல்லாததும், இன்ஜின் நின்றுவிட்டது என்று சொல்ல வழி இல்லாததும்தான் பிரச்னை.

இந்தக் கதையில் நம்ம வடசென்னைக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் உண்டு. எண்ணூரில் இருந்து வடக்கே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா! அங்கிருந்து 2025 டிசம்பர் 24 காலை 8.55 மணிக்கு எல்விஎம்-3 ராக்கெட் ஒரு செயற்கைக்கோளோடு கிளம்பியது. அந்தச் செயற்கைக்கோளின் வேலை ஒரே ஒரு வரிதான்: சாதாரண ஸ்மார்ட்போனோடு, நடுவில் டவரே இல்லாமல், வானத்தில் இருந்து நேராகப் பேசுவது.

இது எப்படி நடக்கும்? நமக்கு எப்போ கிடைக்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிளம்பியது யாருடைய சாட்டிலைட்?

பெயர் 'புளூபேர்ட் பிளாக்-2'. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் நிறுவனத்துடையது. எடை சுமார் 6,100 கிலோ. அதுவரை இந்திய மண்ணில் இருந்து கிளம்பியதிலேயே அதிக எடை கொண்ட செயற்கைக்கோள் இதுதான். தரையில் இருந்து 520 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விட்டது எல்விஎம்-3.

இது அரசாங்கத் திட்டம் இல்லை, வியாபாரம். வெளிநாட்டு நிறுவனம் வாடகை கொடுக்கிறது, நாம் வண்டி ஓட்டுகிறோம். இஸ்ரோவின் ராக்கெட்டுகளை இப்படி வாடகைக்கு விடுவதற்காகவே மத்திய அரசு நடத்தும் நிறுவனம், நியூஸ்பேஸ் இந்தியா லிமிடெட். சுருக்கமாக என்சில்.

எல்விஎம்-3க்கு இந்த வாடகை வியாபாரம் வந்ததே ஒரு போரால்தான். ஒன்வெப் நிறுவனம் தன் செயற்கைக்கோள்களை ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில் அனுப்பிக்கொண்டிருந்தது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்தக் கதவு மூடியது. அப்போது அவர்கள் வந்து நின்ற இடம் ஸ்ரீஹரிகோட்டா. 2022 அக்டோபர் 23 நள்ளிரவு, அதாவது தீபாவளிக்கு முந்தைய நாள், 36 செயற்கைக்கோள்கள். அடுத்து 2023 மார்ச் 26 அன்று இன்னொரு 36. ஆக 72 செயற்கைக்கோள்கள், இரண்டே டிரிப்பில்.

ஊருக்குப் பாகுபலி, உலகத்துக்கு மீடியம்

எல்விஎம்-3ஐ நம்ம ஊர் செய்திகளில் 'பாகுபலி ராக்கெட்' என்று சொல்வார்கள். 43.5 மீட்டர் உயரம், கிளம்பும்போது 640 டன் எடை. சந்திரயான்-3ஐத் தூக்கிப் போனதும் இதுதான். ஆனால், பூமிக்கு அருகிலான சுற்றுப்பாதைக்கு 2 முதல் 20 டன் வரை தூக்கும் ராக்கெட்டுகளை 'மீடியம்' என்றே உலகத்தில் பரவலாக வகைப்படுத்துகிறார்கள். நம்ம பாகுபலி அந்த வரிசையில்தான் வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வியாபாரச் செயற்கைக்கோள்களில் நிறைய இந்த எடைக்குள் அடங்குபவைதான்.

இந்த ராக்கெட்டுக்குள் மூன்று விதமான எரிபொருள் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று வேலை.

முதலில், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் தடிமனான இரண்டு தூண்கள். எஸ்-200 என்று பெயர். ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். தரையில் இருந்து மொத்தப் பளுவையும் தூக்குவது இவை இரண்டும்தான். தீபாவளி ராக்கெட் மாதிரி, பற்றவைத்தால் பற்றவைத்ததுதான். நடுவில் அணைக்க முடியாது.

இரண்டாவது, நடுவில் இருக்கும் எல்-110. திரவ எரிபொருள், இரண்டு விகாஸ் இன்ஜின்கள். இதில் ஒரு வேடிக்கை, ராக்கெட் கிளம்பும்போது இந்த நடுப்பகுதி எரியவே எரியாது! கிளம்பி ஏறக்குறைய 110 விநாடிகள் கழித்து, வானத்தில்தான் பற்றும். அதற்குக் கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டுத் தூண்கள் இரண்டும் எரிந்து முடிந்து கழன்று கடலில் விழும்.

மூன்றாவது, உச்சியில் இருக்கும் கிரையோஜெனிக் பகுதி. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். ஒருகாலத்தில் இந்தத் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குத் தர ரஷ்யா ஒப்புக்கொண்டு, அமெரிக்காவின் அழுத்தத்தால் பின்வாங்கியது. பிறகு நாமே செய்தோம். இந்த இன்ஜின்களைச் சோதித்துப் பார்க்கும் இடம் நம்ம திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. எல்விஎம்-3இன் கிரையோஜெனிக் பகுதியை உருவாக்கும் பணிக்குத் தலைமை வகித்த வி.நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானவர் இவர்தான்.

எண்ணூர் கரையில் நின்றால் என்ன தெரியும்?

வடசென்னைக்காரர்களுக்கு ராக்கெட் பார்க்க டிவி தேவையில்லை. வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியோ கடற்கரையோ போதும். ஆனால், கவுன்ட் டவுன் முடிந்த அதே நொடியில் வடக்கே ஒன்றும் தெரியாது. பதறாதீங்க. பூமி உருண்டை என்பதால், 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏவுதளம் கடற்கரையில் நிற்பவர் கண்ணுக்கு அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும். ராக்கெட் சுமார் 200 மீட்டர் உயரம் ஏறிய பிறகுதான் எட்டிப் பார்க்கும். பூமி உருண்டை என்பதற்கு இதைவிட லைவ் டெமோ வேண்டுமா?

இன்னொன்று, சத்தம். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். 60 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நிமிஷம். காற்று வாகாக அடித்து, அந்த உறுமல் உங்கள் காதுக்கு வந்து சேர்ந்தால், அது மூன்று நிமிஷத்துக்கு முந்தைய சத்தம். அந்த நேரத்துக்குள் இரண்டு தூண்களும் கழன்று விழுந்தே போயிருக்கும்.

ஏன் 'ஒரு கிரவுண்டு'?

இப்போ முக்கியமான கேள்வி. சாட்டிலைட் போன் என்றாலே கட்டையாக, தடியான ஆன்டெனாவோடு சினிமாவில் பார்த்திருப்பீங்க. உங்க கையில் இருப்பதோ ஒல்லியான ஸ்மார்ட்போன். இது எப்படி 520 கிலோமீட்டர் தூரம் பேசும்?

உங்க 4ஜி போன் சிக்னல் அனுப்பச் செலவழிக்கும் சக்தி அதிகபட்சம் 0.2 வாட் அளவுதான். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. நகரத்தில் டவர் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதால் அது போதும். தூரம் 520 மடங்கு கூடினால், போய்ச் சேரும் சிக்னல் 520 மடங்கு குறையாது. 520 பெருக்கல் 520, அதாவது சுமார் 2.7 லட்சம் மடங்கு குறையும்.

உங்க போன் சத்தமாகப் பேச முடியாது. அப்போ எதிரில் இருப்பவருக்குத்தான் பெரிய காது வேண்டும். அதனால்தான் புளூபேர்ட் பிளாக்-2இன் ஆன்டெனா 223 சதுர மீட்டர். சதுர அடியில் போட்டுப் பாருங்க... 2,400! நம்ம சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு. திருவொற்றியூரில் ஒரு கிரவுண்டு மனை வாங்கவே நாக்கு தள்ளும், இவர்கள் அதை மடித்து ராக்கெட் தலைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மேலே போன பிறகு அது விரிய வேண்டும்.

காது மட்டும் போதாது. இந்த உயரத்தில் செயற்கைக்கோள் விநாடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ராயபுரத்தில் இருந்து எண்ணூருக்கு இரண்டே விநாடி! அந்த வேகத்தால் சிக்னலின் அலைவரிசை இடம் மாறும். ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டும்போது சைரன் சத்தம் மாறுகிறதே, அதே கதைதான். தவிர, 4ஜி போன்கள் அதிகபட்சம் 100 கிலோமீட்டர் தூரத்து டவரோடு பேசத்தான் வடிவமைக்கப்பட்டவை. இந்த இரண்டு குழப்பத்தையும் செயற்கைக்கோளும் தரை நிலையமும் சேர்ந்து சரிக்கட்டி, 'நான் பக்கத்து டவர்தான்' என்று உங்க போனை நம்பவைக்கின்றன.

இது வெறும் கற்பனை இல்லை. இதே நிறுவனம் 2022-ல் அனுப்பிய புளூவாக்கர்-3 என்ற சோதனைச் செயற்கைக்கோள் மூலம், 2023 ஏப்ரலில் எந்த மாற்றமும் செய்யாத சாதாரண ஸ்மார்ட்போனில் இருந்து குரல் அழைப்பு போட்டுக் காட்டியது. டெக்சாஸில் இருந்து ஜப்பானுக்கு!

ஆனால், ஒரு செயற்கைக்கோள் உங்க தலைக்கு மேல் இருப்பது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய பத்து நிமிஷம்தான். பிறகு அடிவானத்துக்குக் கீழே போய்விடும். தொடர்ந்து சிக்னல் வேண்டுமென்றால் ஒன்று போனதும் அடுத்தது வர வேண்டும். அதற்கு இந்த மாதிரி பல டஜன் செயற்கைக்கோள்கள் தேவை. டிசம்பர் 24 அன்று போனது அந்த வரிசையில் ஒன்று.

அப்போ இப்போ வரும் இன்டர்நெட்?

'இன்டர்நெட் எல்லாம் சாட்டிலைட் வழியாத்தானே வருது' என்று நினைக்கிறவர்கள் நிறைய. இல்லை. நாடுகளுக்கிடையே போகும் இணையத் தகவலில் பெரும்பங்கு கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள் வழியாகத்தான் போகிறது. நம்ம சென்னையே அப்படிப்பட்ட கேபிள்கள் கரையேறும் ஊர். சென்னையில் இருந்து அந்தமானுக்கு சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு அந்தமான் பெருமளவு செயற்கைக்கோளை நம்பியிருந்தபோது அங்கே இன்டர்நெட் பட்ட பாடு, போய்வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆக, கேபிள் போகும் இடத்தில் கேபிள்தான் ராஜா. கேபிளும் டவரும் போக முடியாத இடத்தில்தான் செயற்கைக்கோளுக்கு வேலை. வடசென்னைக்கு அப்படிப்பட்ட இடம் எது? கடல். இன்னொன்றும் இருக்கிறது, வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என்ன ஆனது என்று உங்களுக்கே நினைவிருக்கும். கரன்ட் இல்லை, டவர்களுக்கும் கரன்ட் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போகவில்லை. தரையில் இருக்கும் டவர் மூழ்கும். வானத்தில் இருக்கும் டவர் மூழ்காது.

ஒக்கி சொன்ன பாடம்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரியில் இருந்தும் கேரளாவில் இருந்தும் போன படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. கரையில் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆனால், அது அவர்களுக்குப் போய்ச் சேர வழி இல்லை. நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். செய்தி இருந்தது, சிக்னல் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்கள் வந்தன. 2019-ல் 'ஜெமினி' என்ற கையடக்கக் கருவி. செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை புளூடூத் மூலம் மீனவரின் போனுக்குத் தரும். ஆனால், இது ஒருவழிப்பாதை. கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. அடுத்து, இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர். படகில் பொருத்தி போனோடு இணைத்துக்கொண்டால், 2015-ல் அனுப்பிய ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம், ஆபத்து என்றால் எஸ்ஓஎஸ் கொடுக்கலாம். நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று மத்திய அரசு தொடங்கிவைத்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்க. டிரான்ஸ்பாண்டர் படகுக்குப் பொருத்துவது. படகு கவிழ்ந்தால் அதுவும் சேர்ந்து போகும். போனோ, தண்ணீர் புகாத உறையில் ஆளோடு இருக்கும். ஒரு சின்ன ஃபைபர் படகில் தனியாகப் போகிறவரிடம்கூட இருக்கும். போனே நேராக வானத்தோடு பேசும் என்றால் அதன் மதிப்பு இங்கேதான் தெரியும்.

நமக்கு எப்போ கிடைக்கும்?

நம்ம ஊரில் இருந்து கிளம்பியதால் நமக்குத்தான் முதலில் என்று நினைக்காதீங்க. ராக்கெட் எங்கிருந்து கிளம்பியது என்பதும், சேவை எங்கே கிடைக்கும் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். ஒரு நாட்டுக்குள் சிக்னலை இறக்க அந்த நாட்டின் உரிமம் வேண்டும், அலைவரிசை வேண்டும், உள்ளூர் நெட்வொர்க்கோடு கூட்டு வேண்டும். ஏஎஸ்டி நிறுவனம் இந்தியாவில் வோடஃபோன் ஐடியாவோடு கைகோத்திருப்பதாக 2025 ஜூனில் அறிவித்தது. அறிவிப்பு வேறு, உங்க போனில் கோடு தெரிவது வேறு.

வந்தாலும் சில உண்மைகள் மாறாது. மேலே திறந்த வானம் வேண்டும். வீட்டுக்குள்ளோ கான்கிரீட் குடோனுக்குள்ளோ இருந்தால் எதிர்பார்க்காதீங்க. ஒரே செயற்கைக்கோளின் வேகத்தைப் பெரிய பரப்பில் இருக்கும் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அதனால் இது உங்க 5ஜிக்கு மாற்று இல்லை. 5ஜி கைவிடும் இடத்தில் வரும் துணை, அவ்வளவே.

எல்லோருக்கும் இதில் சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய ஆன்டெனா சூரிய ஒளியைப் பிரதிபலிக்கும். புளூவாக்கர்-3 சில நேரங்களில் இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களுக்குச் சமமாக ஜொலித்ததை வானியலாளர்கள் அளந்து சொன்னார்கள். அதைவிடப் பெரிய காதுகள் டஜன் கணக்கில் போனால் தொலைநோக்கிகள் என்ன செய்யும் என்பது அவர்கள் கவலை.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே பழவேற்காடு பக்கம் இன்னொரு கவலை. ராக்கெட் கிளம்பும் நாள்களில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும். கழன்று விழும் பாகங்கள் தலையில் விழக் கூடாது என்பதற்காகத்தான். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் தினக்கூலி மாதிரி அன்றன்றைய மீனை நம்பி வாழும் வீட்டுக்கு அது ஒரு நாள் வருமானம். வாடகை ராக்கெட்டுகள் கூடக் கூட இந்த நாள்களும் கூடும். வானத்து டவரால் முதலில் பயன்பெற வேண்டியவர்கள் யார் என்று கேட்டால், அதற்காகக் கடலை விட்டு ஒதுங்கி நிற்கும் இவர்கள்தானே?

இப்போதைக்கு உங்க கையில் இருப்பது

கடலுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால்: ஆபத்து நேரத்தில் கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. சிக்னல் எல்லைக்குள் இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும் என்பதால், எல்லை தாண்டினால் வயர்லெஸ் செட்டும் டிரான்ஸ்பாண்டரும்தான் துணை. அது படகில் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா, யாருக்காவது இயக்கத் தெரியுமா என்று கிளம்பும் முன் கேளுங்க. போனோடு இணைக்கத் தெரியாமல் அப்படியே கிடந்தால், சொல்லிக்கொடுக்கச் சரியான ஆள் நீங்கதான்.

வெளிநாட்டில் இருந்து யாராவது 'சாட்டிலைட் போன் வாங்கி வரவா' என்று கேட்டால்: வேண்டாம் என்று சொல்லுங்க. துரயா, இரிடியம் மாதிரியான போன்களைத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே வழக்கு வரும்.

ராக்கெட்டை நேரில் பார்க்க ஆசை இருந்தால்: ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019 முதல் இருக்கிறது. இஸ்ரோவின் இணையதளத்தில் முன்பதிவு திறக்கும்போது அடையாள அட்டை விவரத்தோடு பதிவு செய்ய வேண்டும். சீக்கிரம் நிரம்பிவிடும். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழியாகப் போகும் அதே கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் சூலூர்பேட்டை. அங்கிருந்து சாலை வழி.

இடம் கிடைக்கவில்லையா? மாடிக்குப் போங்க. வடக்கே பார்த்து நில்லுங்க. கவுன்ட் டவுன் முடிந்து சில விநாடி பொறுங்க. கண்டிப்பா எட்டிப் பார்க்கும்.